எட்டாங்கிளாஸ் புக்கை எடு... ஜி.ஆர்.இ.யைத் தொடு!

பி.ஏ. வரலாறு, பி.ஏ. ஆங்கிலம், விஸ்காம், சைக்காலஜி... ஏதோ ஒரு டிகிரியில் மூன்று வருடம் ஜாலியாக ஓடிவிட்டது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கையோடு கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டவர் நீங்கள். அதற்கப்புறம் கணக்கின் முகத்தில் முழிக்கவே இல்லை. ப்ளஸ் ஒன்னில் குரூப் எடுத்தபோது, 'மேத்ஸ் இல்லாத குரூப் எது சார்?' என்று மட்டும் கேட்டு சேர்ந்தவராகக்கூட இருக்கலாம்.

இப்போது மேற்படிப்பு ஆசை வந்திருக்கிறது. எம்.பி.ஏ. என்றால் டான்செட், கேட், ஜிமேட். வெளிநாட்டில் முதுகலை என்றால் ஜி.ஆர்.இ. இதில் எதைத் திறந்தாலும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது பழைய எதிரி... கணக்கு!

நிறையப் பேர் இந்த இடத்தில் யூ-டர்ன் அடித்துவிடுகிறார்கள். 'மேத்ஸ் இருக்குதாம்டா, நமக்கு ஒத்து வராது' என்று அப்ளிகேஷனே போடாமல் கனவை மடித்து வைத்துவிடுகிறார்கள். இன்னொரு கோஷ்டி, 'எப்படியும் ஜெயிக்கணும்' என்று கிளம்பி, ஆளுயரத்துக்குப் புத்தகம் வாங்கி அடுக்கி, முதல் புத்தகத்தின் நாற்பதாவது பக்கத்தில் மூச்சு முட்டி நிற்கிறார்கள். முதல் கோஷ்டிக்குப் பயம். இரண்டாவது கோஷ்டிக்கு, எதைப் படிப்பது என்கிற குழப்பம். இரண்டுக்குமே மருந்து இருக்கு பாஸ்!

முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க!

இந்தத் தேர்வுகளில் கேட்கிற கணக்கு, நீங்கள் பயந்து ஓடிய கணக்கே இல்லை! ஜி.ஆர்.இ. பொதுத்தேர்வில் நான்கே பகுதிகள்தான்: எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தகவல்களை அலசும் புள்ளியியல். சைன், காஸ், டேன் கிடையாது. கால்குலஸ் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நீங்கள் ஏற்கெனவே பார்த்து, பாஸ் செய்துவிட்டு வந்த சரக்குதான் பெரும்பகுதி. ஸ்க்ரீனிலேயே ஒரு கால்குலேட்டரும் கொடுத்துவிடுகிறார்கள்.

ஜிமேட்டில் இன்னும் ஒரு சலுகை. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் கணக்குப் பகுதியிலிருந்து வடிவியலையே தூக்கிவிட்டார்கள். ஆனால், அந்தப் பகுதிக்குக் கால்குலேட்டர் கிடையாது. அடுத்து, ஐ.ஐ.எம்.களின் கேட். இதற்கென்று தனியாகப் பாடத்திட்டம் எதையும் வெளியிடுவதில்லை. ஆனால், பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் சதவீதம், விகிதம், வேகம், சமன்பாடு என்று தெரிந்த முகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பதில்தான் அவர்கள் கில்லாடிகள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட்டிலும் அடிப்படை இதேதான்.

அப்புறம் ஏன் கஷ்டமாக இருக்கிறது? நேரம்! ஜி.ஆர்.இ.யில் 2023 செப்டம்பரிலிருந்து 27 கணக்குகளுக்கு 47 நிமிடம். ஒரு கணக்குக்குக் கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் நிமிடம். ஜிமேட்டில் 21 கேள்விக்கு 45 நிமிடம். 2024 கேட் தேர்வில் 22 கேள்விக்கு 40 நிமிடம். 'முக்கால் பங்குன்னா எத்தனை சதவீதம்?' என்று யோசிக்க உட்கார்ந்தாலே அரை நிமிடம் காலி. ஆக, உங்களுக்குத் தேவை புதுக் கணக்கு அல்ல. பழைய கணக்கு, விரல் நுனியில்!

இன்னொரு விஷயம். கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பல துறைகள் ஜி.ஆர்.இ. கட்டாயம் இல்லை என்று அறிவித்துவிட்டன. எனவே, நீங்கள் போக நினைக்கும் துறையின் சேர்க்கை விதிகளை முதலில் படியுங்கள். தேர்வுக் கட்டணமே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. தேவையே இல்லாத தேர்வுக்கு அப்பா பணத்தை ஏன் கரைக்கணும்?

நோய் எங்கேன்னு பாருங்க!

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் டாக்டரிடம் போகணும் இல்லையா? புத்தகம் வாங்குவதற்கு முன் ஒரு குட்டி டெஸ்ட். பேப்பர், பேனா எடுங்கள். கால்குலேட்டர் வேண்டாம். இருபது நிமிடம்.

1. மூன்றில் இரண்டு பங்கும் நான்கில் மூன்று பங்கும் சேர்ந்தால் எவ்வளவு?

2. 0.3-ஐ 0.2-ஆல் பெருக்கினால்?

3. மைனஸ் 3-ஐ அடைப்புக்குறிக்குள் போட்டு வர்க்கம் எடுத்தால் என்ன? அடைப்புக்குறி இல்லாமல், 3-ன் வர்க்கத்துக்கு முன்னால் மைனஸ் போட்டால் என்ன?

4. 800 ரூபாய் சட்டையின் விலையை 20% ஏற்றிவிட்டு, ஆடித் தள்ளுபடி என்று 20% குறைக்கிறார் கடைக்காரர். இப்போது விலை என்ன?

5. 4,000 ரூபாயை 2:3 என்ற விகிதத்தில் இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு எவ்வளவு?

6. ஒரு எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 6-ஐக் கழித்தால், அந்த எண்ணைவிட 8 அதிகமாக வருகிறது. எண் என்ன?

7. ஊருக்குப் போகும்போது மணிக்கு 40 கி.மீ. வேகம், அதே வழியில் திரும்பும்போது 60 கி.மீ. வேகம். மொத்தப் பயணத்தின் சராசரி வேகம்?

8. செங்கோண முக்கோணத்தின் இரண்டு சிறிய பக்கங்கள் 6, 8. பெரிய பக்கம்?

9. 4, 7, 7, 10, 22 – இவற்றின் சராசரி என்ன, இடைநிலை என்ன?

10. எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் அது அந்த எண்ணைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். சரியா, தவறா?

(விடைகள் கடைசியில். இப்பவே எட்டிப் பார்க்கக் கூடாது, ஆமா!)

மார்க்கைவிட முக்கியம், எங்கே தடுக்கினீர்கள் என்பது. முதல் மூன்றில் தடுமாறினால் நீங்கள் தொடங்க வேண்டியது ஆறு, ஏழாம் வகுப்பில். 4, 5, 7-ல் மாட்டிக்கொண்டால் ஏழு, எட்டாம் வகுப்பில். 6, 8, 9-ல் என்றால் எட்டு, ஒன்பதில். பத்தாவது கேள்வியில் மட்டும் ஏமாந்தீர்கள் என்றால் உங்கள் அடிப்படை ஓகே. தேர்வின் தந்திரம்தான் பழகணும்.

கணக்கு ஒரு சங்கிலி. சதவீதம் வரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி சதவீதம் இல்லை, அதற்கு முந்தைய பின்னம். பின்னம் வரவில்லை என்றால் வாய்ப்பாடு. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறதோ, அங்கே போய் முடிச்சுப் போட்டால்தான் மேலே ஏற முடியும். கிராஜுவேட் ஆகிவிட்டு ஏழாங்கிளாஸ் புக்கைப் பிடிக்க வெட்கமாக இருக்கிறதா? கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள். ஸ்கோர் கார்டில், 'இவர் ஏழாம் வகுப்புப் புத்தகம் படித்தவர்' என்று அச்சடிக்க மாட்டார்கள்!

மூணே மூணு போதும்!

ஒரு பாடம், ஒரு பயிற்சி, ஒரு தேர்வு. இந்த மூன்றுக்கும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டால் போதும். அடுக்கி வைப்பது அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

பாடம்: புரிய வைப்பதற்கு. இதற்கு நம்ம ஊர் சமச்சீர்ப் பாடப்புத்தகத்தை மிஞ்ச ஆள் இல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடம் உண்டு. சதவீதம், லாப நஷ்டம், கூட்டு வட்டி, வேலையும் நேரமும்... எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வுகளின் அடிப்படையே அந்த ஒரு பாடத்தில் இருக்கிறது. ஆங்கிலவழியில் படித்தவர்கள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களையும் பார்க்கலாம், அதுவும் இலவசம்தான். ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகங்களில் எல்லாப் பாடமும் வேண்டாம். ஜி.ஆர்.இ.க்கு முக்கோணவியலைத் தைரியமாகத் தாண்டுங்கள். ஆயத்தொலை வடிவியல், அளவியல், புள்ளியியல், நிகழ்தகவு – இந்த நான்கையும் விடாதீர்கள்.

'புத்தகத்தைப் பார்த்தாலே தூக்கம் வருது' என்கிறீர்களா? கான் அகாடமி இருக்கவே இருக்கிறது. நடத்துபவர் சல்மான் கான். பாலிவுட் சல்மான் இல்லீங்க! 2004-ல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர், அதையே 2008-ல் லாப நோக்கமில்லாத அமைப்பாக மாற்றினார். எல்லாம் இலவசம். எளிய ஆங்கிலத்தில் குட்டிக் குட்டி வீடியோ, உடனே பயிற்சி, தப்பாகப் போட்டால் படிப்படியாகக் குறிப்பு. ஆனால் ஒரு எச்சரிக்கை. வீடியோ பார்க்கும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கும். தோனி சிக்ஸர் அடிப்பதைப் பார்ப்பதால் நமக்கு பேட்டிங் வந்துவிடுமா? பத்து நிமிடம் பார்த்தால் இருபது நிமிடம் போட்டுப் பாருங்கள்.

ஜி.ஆர்.இ. நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே 'மேத் ரிவ்யூ' என்ற தொகுப்பை இலவசமாகத் தருகிறது. அதில் இல்லாத பாடம் தேர்வில் வராது என்பதால் அதுதான் உங்கள் எல்லைக்கோடு. எந்தத் தலைப்புக்கு எந்த கான் அகாடமி வீடியோ என்ற பட்டியலும் அவர்களிடமே இருக்கிறது. ஆனால், அந்தத் தொகுப்பு ஞாபகப்படுத்துமே தவிர, அடியிலிருந்து சொல்லிக்கொடுக்காது. மறந்துபோனவர் முதலில் ஸ்கூல் புக்கைப் படித்துவிட்டு, அப்புறம் இதை எடுத்து 'டிக்' அடித்துக்கொண்டே வரலாம்.

பயிற்சி: கைப் பழக்கத்துக்கு. எழுதும் தேர்வைப் பொறுத்து இது மாறும். டான்செட் எழுதுபவர்களுக்கு ஆர்.எஸ்.அகர்வாலின் குண்டுப் புத்தகம் நல்ல தோஸ்து. பேங்க் எக்ஸாம் எழுதும் அண்ணன் யாராவது வீட்டில் இருந்தால் அநேகமாக ஒரு காப்பி பரணில் கிடக்கும். கேட் என்றால் அருண் ஷர்மாவின் புத்தகம். அதில் கணக்குகளை மூன்று படிகளாகப் பிரித்திருப்பார்கள். முதல் படியை முழுசாக ஏறாமல் மூன்றாவதில் கால் வைக்காதீர்கள், முட்டி பெயர்ந்துவிடும். ஜி.ஆர்.இ.க்கு மன்ஹாட்டன் பிரெப்பின் 'ஃபைவ் பவுண்ட்' புத்தகம். பெயரே எடைக் கணக்குதான்! 1,800-க்கு மேல் கேள்விகள். எல்லாவற்றையும் போடணும் என்று சபதம் எடுக்க வேண்டாம். டெஸ்ட்டில் தடுக்கிய தலைப்புகளை மட்டும் எடுங்கள்.

அகர்வாலை முடித்துவிட்டு ஜி.ஆர்.இ. எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அடிப்படைக்குச் சரி. ஆனால், ஜி.ஆர்.இ.யில் இரண்டு அளவுகளைக் கொடுத்து 'எது பெரிது?' என்று கேட்கும் வகை ஒன்று உண்டு. அங்கே நீளமாகக் கணக்குப் போடுபவரைவிட, 'எண் மைனஸாக இருந்தால்? பின்னமாக இருந்தால்?' என்று யோசிப்பவர்தான் ஜெயிப்பார். அதற்கு அந்தத் தேர்வுக்கான புத்தகமே வேண்டும்.

தேர்வு: ஒத்திகைக்கு. இதில் மட்டும் சமரசம் கூடாது. தேர்வு நடத்துபவர்கள் தருவதே முதல் சாய்ஸ். ஜி.ஆர்.இ.க்கு 'பவர்பிரெப்' என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகள் இலவசம். ஜிமேட்டுக்கும் இரண்டு இலவசம். கேட், டான்செட்டுக்கு முந்தைய ஆண்டு வினாத்தாள்கள். இரண்டே இரண்டு இருப்பதால் சும்மா 'எப்படித்தான் இருக்குன்னு பார்ப்போமே' என்று முதல் நாளே வீணடிக்காதீர்கள். அடிப்படை முடிந்ததும் ஒன்று, தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு ஒன்று.

கடையில் பத்து நிமிஷம்!

புத்தகக் கடைக்குப் போனால் அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். உங்களுக்கு எது வராதோ, அந்தப் பாடத்தைத் திறங்கள். முதல் இரண்டு பக்கத்தை நின்றுகொண்டே படியுங்கள். புரிகிறதா? அடுத்து, விடைகள் பகுதிக்குப் போங்கள். 'விடை: 3' என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். தனியாகப் படிப்பவருக்கு, ஏன் அந்த விடை என்ற விளக்கம்தான் வாத்தியார். மூன்றாவது, ஐந்து கணக்கை மனசுக்குள் போட்டுப் பாருங்கள். ஐந்துமே வந்தால் அது உங்களுக்கு ரொம்ப ஈஸி. ஒன்றுமே வரவில்லை என்றால் அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. மூன்று வந்து இரண்டு தடுக்கினால்... பில் போடச் சொல்லுங்க!

ஃபார்முலாக்களை மட்டும் தொகுத்த கையடக்கப் புத்தகங்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நம்ம கும்பகோணத்து ராமானுஜன் 1903-ல், பள்ளி மாணவனாக இருந்தபோது, ஜி.எஸ்.கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான முடிவுகள், பெரும்பாலும் விளக்கமே இல்லாமல். அதை வைத்துக்கொண்டே அவர் உலகத்தை அசத்தினார். ஏனென்றால், விடுபட்ட விளக்கங்களை அவரே கண்டுபிடித்துக்கொண்டார்! நமக்கு அந்த வசதி கிடையாது பாஸ். ஃபார்முலா புக் கடைசி வாரத்துக்கு. தொடக்கத்துக்கு அல்ல.

பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் சீனியர்களின் புத்தகம் வாங்கலாமா? தாராளமாக. பித்தாகரஸ் தேற்றம் எக்ஸ்பயரி ஆகாது. ஆனால், தேர்வின் வடிவம் ஆகும்! ஜி.ஆர்.இ. 2011-ல் ஒருமுறை அடியோடு மாறியது. மறுபடி 2023-ல் நேரம் பாதியாகக் குறைந்தது. எனவே, பழைய புத்தகத்தைப் பாடத்துக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரித் தேர்வுக்கு மட்டும் புதியதையே நம்புங்கள். பழைய ஜிமேட் புத்தகம் வைத்திருப்பவர்கள் வடிவியல் பக்கங்களை ஸ்டேபிள் அடித்து மூடிவிடலாம்.

காசு கொடுத்து வாங்கவே வேண்டாம் என்பவர்களுக்கு நூலகம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் – இரண்டிலும் போட்டித் தேர்வுகளுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து புரட்டிப் பார்த்துவிட்டு, பிடித்ததை மட்டும் வாங்குங்கள்.

கோச்சிங் சென்டர்? தப்பில்லை. ஆனால், பணம் கட்டும் முன் ஒரு டெமோ வகுப்பில் உட்காருங்கள். பின்னத்திலிருந்து ஆரம்பிக்கிறார்களா, அல்லது 'இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்' என்று ஷார்ட்கட்டில் பாய்கிறார்களா என்று கவனியுங்கள். வகுப்பில் பாதிப்பேர் இன்ஜினீயர்கள் என்றால் வேகம் அவர்களுக்கானதாகத்தான் இருக்கும். அடிப்படையை நீங்களே ஒரு மாதம் படித்துவிட்டு அப்புறம் சேர்ந்தால், அதே ஃபீஸுக்கு இரண்டு மடங்கு லாபம்.

தமிழ் மீடியமா? டபுள் ஓகே!

தமிழில் படித்தவர்களுக்குக் கணக்கு தெரியும், கேள்விதான் புரியாது. பகா எண் நமக்குப் பழைய சிநேகிதன். அவனே 'பிரைம் நம்பர்' என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்தால் திருதிருவென்று முழிக்கிறோம். காரணிதான் ஃபேக்டர், மடங்குதான் மல்டிபிள், ஈவுதான் கோஷன்ட், மீதிதான் ரிமைண்டர். முழுக்கள்தான் இன்டிஜர். ஒரே பாடத்தைத் தமிழ்ப் புத்தகத்தில் படித்துவிட்டு, ஆங்கிலவழிப் புத்தகத்தில் அதே பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம். முக்கியமான வார்த்தைகளை மட்டும் எழுதி வந்தாலே பாதி பயம் போயிடும்.

மூணு மாச பிளான்!

முதல் நான்கு வாரம் பாடம். தினமும் ஒரு மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்வதைவிட தினமும் ஒரு மணி நேரம்தான் மண்டையில் நிற்கும். அடுத்த ஐந்து வாரம் பயிற்சி, முதலில் கடிகாரம் இல்லாமல், அப்புறம் கடிகாரத்தோடு. கடைசி மூன்று வாரம் மாதிரித் தேர்வும், அதை அலசுவதும்.

நடுவில் ஒரு 'தப்பு நோட்டு' போடுங்கள். ஒவ்வொரு தப்பான கணக்குக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: 'தெரியலை', 'அவசரம்', 'கேள்வியைச் சரியா படிக்கலை'. 'தெரியலை' அதிகமானால் மறுபடி பாடத்துக்குப் போங்கள். 'அவசரம்' அதிகமானால் பயிற்சி. 'படிக்கலை' என்றால் பேனாவால் அடிக்கோடிட்டுப் படிக்கப் பழகுங்கள். ஒரு மாதத்தில் அந்த நோட்டு, கடையில் கிடைக்கிற எந்தப் புத்தகத்தையும்விட உங்களுக்குப் பொருத்தமான புத்தகம் ஆகிவிடும். ஏன்னா, அதை உங்களுக்காகவே எழுதியது நீங்கதான்!

பதிமூன்று வயதில் கணக்கு வரவில்லை என்றால், அப்போது வாத்தியார் வேகமாகப் போயிருக்கலாம், உங்களுக்குக் காய்ச்சல் வந்து பின்னம் நடத்திய வாரம் லீவு போட்டிருக்கலாம். அன்றைக்கு விட்ட ஒரு வாரத்துக்காக இன்றைக்கு ஒரு வாழ்க்கைப் பாதையையே விட்டுக்கொடுக்கணுமா என்ன? இப்போது உங்களுக்கு இருபத்தொன்று. மாதச் செலவைக் கணக்குப் பார்க்கிறீர்கள், கிரிக்கெட்டில் ரன் ரேட்டை வாயாலேயே சொல்கிறீர்கள், ஆஃபரில் எது லாபம் என்று நொடியில் கண்டுபிடிக்கிறீர்கள். அந்த மூளைதான் இதுவும்.

இன்றைக்கு ராத்திரியே ஏழாம் வகுப்புப் புத்தகத்தை இறக்கி, பின்னத்தில் பத்துக் கணக்கு போட்டுப் பாருங்க. பதினோராவது, நீங்களே போடுவீங்க!

விடைகள்: 1) பன்னிரண்டில் பதினேழு பங்கு, அதாவது ஒன்றும், பன்னிரண்டில் ஐந்தும். 2) 0.06. 3) அடைப்புக்குறியோடு 9, இல்லாமல் மைனஸ் 9. 4) 768 ரூபாய். ஏற்றியது 800-க்கு, குறைத்தது 960-க்கு. 5) 1,600, 2,400. 6) 7. 7) மணிக்கு 48 கி.மீ. 120 கி.மீ. தூரம் என்று வைத்துப் பாருங்கள்: போக 3 மணி, வர 2 மணி, 240-ஐ 5-ஆல் வகுக்கணும். 50 என்றவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள்! 8) 10. 9) சராசரி 10, இடைநிலை 7. 10) தவறு. அரையின் வர்க்கம் கால்தானே!